சஷ்டி விரதமும் சுகர் மாத்திரையும்

ஓம் சரவணபவ.



ஐப்பசி அமாவாசை முடிந்த மறுநாள் பிரதமை. காப்பு கட்டுகிற நாள். அம்மா விடியற்காலையில குளிச்சு, பூஜை அறையைத் துடைச்சு, வேலுக்குச் சந்தனம் வச்சு, ஆறு நாள் விரதத்தை ஆரம்பிக்கிறாங்க. சில வீட்டுல பாலும் பழமும், சில வீட்டுல மிளகு விரதம், சில வீட்டுல இளநீர் மட்டும். இதெல்லாம் நம்ம எல்லாருக்கும் தெரியும். அதே காலையில சமையலறையில இன்னொண்ணு நடக்குது, அதை யாரும் கவனிக்கிறதில்ல. ஃபிரிட்ஜ் மேல இருக்கிற சுகர் மாத்திரை டப்பாவை எடுத்து அம்மா அலமாரிக்குள்ள வச்சுடுறாங்க. "ஆறு நாளைக்கு எதுக்குடா மாத்திரை? அவன் பாத்துப்பான்."

இன்னைக்குப் பேசப்போறது அந்த டப்பாவைப் பத்தித்தான்.

நம்ம நாட்டுல சர்க்கரை நோய் உள்ளவங்க 10 கோடிக்கு மேல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அதுல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறது இரண்டாம் வகை, அதாவது நாம சாதாரணமா 'சுகர்'னு சொல்றது. இதைப் படிக்கிற உங்க வீட்டுல அப்பா, அம்மா, தாத்தா, பெரியம்மான்னு யாராவது ஒருத்தருக்காவது இருக்கும். அதனால இது யாருக்கோ சொல்ற விஷயம்னு நினைச்சு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டுட்டுப் போயிடாதீங்க.

முதல்ல அம்மா சொன்ன வார்த்தையை எடுத்துக்குவோம். "அவன் பாத்துப்பான்." தப்பான வார்த்தையா? இல்லவே இல்ல. நாம எல்லாரும் அந்த நம்பிக்கையிலதான் வாழுறோம். ஆனா அந்த வாக்கியத்துக்குள்ள இன்னொரு வாக்கியம் ஒளிஞ்சிருக்கு. 'மாத்திரை போட்டா அவனை நம்பலன்னு ஆயிடும்.' இதை யார் சொன்னது? எந்தப் பெரியவர் சொன்னார்?

அருணகிரிநாதர் திருத்தணி முருகன் மேல பாடின திருப்புகழ் ஒண்ணு இருக்கு. நோய் தீரணும்னு நிறைய பேர் தினமும் ஓதுற பாட்டு. இருமல்ல ஆரம்பிச்சு வரிசையா நோய்களைச் சொல்லிக்கிட்டே போய், எந்தப் பிறவியிலும் இதெல்லாம் என்னை வாட்டக்கூடாது, உன் திருவடியைக் கொடுன்னு கேட்பார். அந்த வரிசையில நீரிழிவும் இருக்கு. 15-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த அருளாளர், இந்த நோயின் பேரைச் சொல்லியே முருகன்கிட்ட முறையிட்டிருக்கார். முழுப் பாட்டையும் படிச்சுப் பாருங்க. நோயை விலக்குன்னு கேட்கிறாரே தவிர, மருந்தை விலக்குன்னு அதுல ஒரு சொல் கிடையாது.

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? அங்க அப்பாவுக்குப் பேரே வைத்தியநாதர். அம்மா தையல்நாயகி தைலப் பாத்திரத்தோட கூட வந்ததாத் தலபுராணம். நம்ம ஆள் செல்வமுத்துக்குமாரசுவாமியா அங்க வீற்றிருக்கார். தன்வந்திரிக்கும் தனிச் சன்னதி உண்டு. ஒரு குடும்பமே வைத்தியம் பார்க்கிற ஊர் அது! பழனிக்கு வாங்க. ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்து அந்தத் திருமேனியைச் செய்தவர் போகர்னு மரபு சொல்லுது. போகர் சித்தர். சித்தர்னா நமக்கு மருத்துவர். மருந்து தெரிஞ்ச ஒருத்தர் செய்த திருமேனிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு "நான் மருந்து சாப்பிட மாட்டேன் முருகா"ன்னு வேண்டுதல் வைக்கிறது எனக்கு வேடிக்கையாத்தான் இருக்கு.

(அப்ப பஞ்சாமிர்தமும் மருந்துதானேன்னு ஒரு தம்பி கேட்பான். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய். பிரசாதமா உள்ளங்கையில ஒரு சொட்டு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு நாக்குல வச்சா அது அருள். டப்பாவைத் திறந்து தோசைக்குத் தொட்டுக்கிட்டா அது டிபன். சுகர் மீட்டருக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.)

சரி, பக்திக்காக மாத்திரையை நிறுத்துறவங்க ஒரு பக்கம். உண்மையைச் சொல்லணும்னா அவங்க கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் வருஷம் முழுக்க மாத்திரையை விட்டு விட்டுப் போடுறவங்க. 2003-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அறிக்கை போட்டது. நீண்ட நாள் நோய்களுக்கு மருந்தை ஒழுங்கா எடுக்கிறவங்க வளர்ந்த நாடுகள்லயே சராசரியாப் பாதிப்பேர்தானாம். வசதி இருக்கு, படிப்பு இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அப்பவும் பாதிதான்.

ஏன்? "மறந்துட்டாங்க"ன்னு நாம சுலபமாச் சொல்லிடுறோம். போன்ல அலாரம் வச்சுக் குடுக்கிறோம். அலாரம் அடிக்குது, அப்பா அணைக்கிறார், டிவி பார்க்கிறார். அவர் மறக்கல. அவருக்கு அந்த மாத்திரை மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்.

பிரிட்டன்ல ராபர்ட் ஹார்ன் என்கிற ஆய்வாளர் தன் குழுவோட சேர்ந்து 1999-ல் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். மருந்தைப் பத்தி நோயாளி மனசுல என்ன இருக்குன்னு அளக்கிறதுக்கு. அவர் சொன்னது ரொம்ப எளிமை. மனசுல ஒரு தராசு இருக்கு. ஒரு தட்டுல 'இந்த மருந்து எனக்கு எவ்வளவு தேவை'. இன்னொரு தட்டுல 'இந்த மருந்து என்னை என்ன பண்ணிடுமோ'. தேவைத் தட்டு கனத்தா மாத்திரை உள்ளே போகும். பயத்தட்டு கனத்தா, மாத்திரை அட்டையிலயே இருக்கும். அதுக்கப்புறம் வெவ்வேறு நாடுகள்ல, வெவ்வேறு நோய்கள்ல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க, சுகர் உட்பட. படம் பெரும்பாலும் இதுதான்.

இப்ப உங்க வீட்டுத் தராசுல என்ன இருக்குன்னு பாருங்க.

"மாத்திரை போட்டுப் போட்டுக் கிட்னி போயிடும்." இதைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? இந்தப் பயம் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சா அந்தக் காலத்து ஆளுங்க மேல கோபம் வராது. அவங்க கண்ணால பார்த்திருக்காங்க. பக்கத்து வீட்டு மாமா பத்து வருஷம் மாத்திரை போட்டார். ஒரு நாள் டாக்டர், "உங்க கிட்னி சரியில்ல, இந்த மாத்திரையை நிறுத்துங்க"ன்னார். பார்க்கிறவங்க மனசுல என்ன பதியும்? மாத்திரைதான் கெடுத்தது, அதனாலதான் டாக்டரே நிறுத்திட்டார். ஆனா நடந்தது தலைகீழ். வருஷக்கணக்கா ரத்தத்துல கூடுதலா ஓடின சர்க்கரையும் கூடவே இருந்த பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுத்துடுச்சு. மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரை சிறுநீர் வழியாத்தான் வெளியே போகணும். வடிகட்டி பழுதானப்புறம் அது உடம்புல தங்கும்னுதான் டாக்டர் அதை நிறுத்துறார். நெருப்பு பிடிச்ச வீட்டுக்கு வந்த தீயணைப்பு வண்டியைப் பார்த்து, "இது வந்தாத்தான் வீடு எரியுது"ன்னு சொன்னா எப்படி?

இன்சுலின் கதையும் அதே கதை. "ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்களா? அப்ப கடைசிக் கட்டம்." ஏன் அப்படித் தோணுதுன்னா, நம்ம ஊர்ல ஊசிக்கு ஒத்துக்கிறதே கடைசிக் கட்டத்துலதான். டாக்டர் மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பார். "இன்னும் கொஞ்ச நாள் பாகற்காய் ஜூஸ் குடிச்சுப் பாக்குறேன் சார்"னு தள்ளிப் போட்டு, கால்ல புண் வந்தப்புறம் ஊசி போட்டா, புண்ணையும் ஊசியையும் ஜனங்க சேர்த்துத்தான் பார்ப்பாங்க. இன்சுலின் முதன்முதலா ஒரு மனுஷனுக்குப் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோவில். லெனார்ட் தாம்ஸன் என்கிற 14 வயசுப் பையனுக்கு. அவனுக்கு இருந்தது முதல் வகை. அதுக்கு முன்னாடி அந்த வகை வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரை நீட்டிக்கிறதைத் தவிர வழியே இல்ல. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். கண்டுபிடிச்சவங்க அதோட காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. நோய் தீர்க்கணும்னு நாம முருகன்கிட்ட கேட்கிறோமே, அந்தக் கருணை இப்படி மனுஷக் கை வழியாவும் வரும்னு எனக்கு நம்பிக்கை உண்டு. உங்களுக்கு இருக்கா?

இன்னொண்ணு, "இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு, நமக்கு இயற்கை வழிதான்." மெட்ஃபார்மினோட மூலத்தைத் தேடிப் போனா ஐரோப்பாவுல ஒரு பூச்செடியில போய் நிக்கும். கலேகா என்கிற செடி. அதை அந்த ஊர் நாட்டு வைத்தியத்துல பயன்படுத்தினாங்க. அதுல இருந்த பொருளோட வகையைப் பின்பற்றி ஆய்வகத்துல உருவாக்கின மருந்து இது. 1957-ல் பிரான்ஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன் சுகருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். அறுபது வருஷத்துக்கு மேல உலகம் முழுக்கச் சாப்பிட்டுப் பழகின மாத்திரை. குறையே இல்லையா? இருக்கு. ஆரம்பத்துல சிலருக்கு வயிறு கலக்கும், குமட்டும். பல வருஷம் போட்டா சிலருக்கு பி12 குறையும். ஆனா ரெண்டுக்கும் வழி இருக்கு. சாப்பாட்டோட போடலாம், மெதுவாக் கரையுற வகையை டாக்டர் மாத்திக் கொடுப்பார், பி12-ஐ டெஸ்ட் பண்ணிப் பார்ப்பார். அப்பா என்ன பண்றார்? வயிறு கலங்கின அன்னைக்கே நிறுத்திட்டு, டாக்டர்கிட்ட மட்டும் "ஒழுங்காப் போடுறேன் சார்"ங்கிறார்.

இந்தச் சின்னப் பொய் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாருங்க. மாத்திரை போட்டும் சுகர் குறையலன்னு டாக்டர் நினைக்கிறார். அளவைக் கூட்டுறார், இன்னொரு மாத்திரை சேர்க்கிறார். ஒரு நாள் மகள் வெளியூர்ல இருந்து வர்றா. "இன்னிலேர்ந்து நான் பக்கத்துல உக்காந்து குடுக்கிறேன்"னு மொத்தத்தையும் ஒழுங்காக் கொடுக்கிறா. உடம்புக்குத் தேவைப்படாத அளவு உள்ளே போய், ரெண்டாவது நாள் அப்பா வேர்த்து விறுவிறுத்து மயங்குறார். தெருவே சொல்லுது, "பாத்தியா, மாத்திரைதான் ஆளைச் சாய்ச்சுடுச்சு." பயத்தட்டுல இன்னொரு கல்.

நாட்டு மருந்துப் பொடி பத்தியும் ஒரு வார்த்தை. முறையாப் படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போறதை நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு டாக்டருக்கும் ரெண்டையும் சொல்லிடுங்க, அவ்வளவுதான். நான் சொல்றது ஃபார்வர்டுல வர்ற, லேபிள் இல்லாத பொட்டலத்தை. அந்த மாதிரி பொடிகள்ல இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே அரைச்சுக் கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டுபிடிச்சிருக்கு. "பொடி சாப்பிட்டேன், சுகர் சட்டுன்னு இறங்கிடுச்சு" என்பதுக்குப் பின்னாடி இதுவும் இருக்கலாம்.

இப்ப முக்கியமான நம்பிக்கைக்கு வரேன். மத்ததெல்லாம் இதோட கிளைகள்.

"சுகர் நார்மலுக்கு வந்துடுச்சு. இனிமே மாத்திரை எதுக்கு?"

காய்ச்சல் வந்தா அஞ்சு நாள் மாத்திரை போடுறோம். காய்ச்சல் போயிடும். நோய்னா அப்படித்தான்னு நம்ம மனசு பழகியிருக்கு. வரும், மருந்து போட்டா போகும். சுகர் அந்த வகை இல்ல. இதை விளக்குறதுக்கு நமக்கு வெளியே எங்கயும் போக வேண்டாம். திருச்செந்தூர் கடற்கரையில ஆறாம் நாள் என்ன நடக்குது?

சூரபத்மன் என்னென்னவோ வடிவம் எடுத்துப் பார்த்து, கடைசியில மாமரமா நிக்கிறான். வேல் அவனை ரெண்டாப் பிளக்குது. அழிஞ்சானா? இல்ல. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒண்ணு வாகனம், ஒண்ணு கொடி. சம்ஹாரம்னு பேர் வச்சிருக்கோம், ஆனா அவன் இன்னைக்கும் முருகன்கூடத்தான் இருக்கான். அடங்கி இருக்கான். ஏன் அடங்கி இருக்கான்? மேல முருகன் உக்காந்திருக்கார்.

சுகரும் இப்படித்தான். பெரும்பாலானவங்களுக்கு அது ஒரேயடியா அழியாது, அடங்கும். ரிப்போர்ட்டுல நார்மல்னு வந்தா, மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் சேர்ந்து மேல உக்காந்திருக்குன்னு அர்த்தம். இறங்கிட்டா மயில் மறுபடியும் சூரன் ஆகும். உடல் எடையை நல்லாக் குறைச்ச சிலருக்கு டாக்டரே பார்த்து மாத்திரையைக் குறைக்கிறதும் நிறுத்துறதும் உண்டு. அது பெரிய வரம். ஆனா அதை டாக்டர் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லணும். மூணு மாசச் சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் இருக்கே, அதை வச்சு. காலையில ஒரு வேளை விரல்ல குத்திப் பார்த்துட்டு நாமளே சொல்லிக்கிறது கணக்குல வராது.

ஒண்ணுமே பண்ணாட்டியும் எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு அப்பா கேட்பார். வலி இல்லாததுதான் இந்த நோயோட தந்திரம். பிரிட்டன்ல புதுசா சுகர் கண்டுபிடிச்சவங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. முடிவு 1998-ல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாக் கட்டுப்படுத்தினவங்களுக்குக் கண், சிறுநீரகம் மாதிரி சின்ன ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் சுமார் கால்வாசி குறைஞ்சிருந்தது. அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சும் பார்த்தாங்க. ஆரம்ப வருஷங்கள்ல கட்டுப்பாடா இருந்தவங்களுக்கு அந்தப் பலன் தொடர்ந்து நின்னுச்சு. அதாவது வலி தெரியாத அந்த முதல் வருஷங்கள்ல போடுற மாத்திரைதான் பின்னாடி காப்பாத்துது. 'வலி வந்தா போட்டுக்கலாம்'னு சொல்றவங்க அந்த வருஷங்களைத்தான் விட்டுடுறாங்க.

பழனி பாதயாத்திரை போறவங்களுக்கு இது இன்னும் நேரடியாப் பொருந்தும். சுகர் கூடி நரம்பு மரத்துப்போன கால், தார் ரோட்டுச் சூட்டையும் முள்ளையும் சொல்லாது. "முருகன் புண்ணியத்துல வலியே தெரியல"ன்னு அப்பா சந்தோஷமா நடப்பார். கொப்புளம் உடைஞ்சு ரத்தம் கசியறது அவருக்குத் தெரியாது. கந்தசஷ்டி கவசத்துல உச்சியில ஆரம்பிச்சு ஒவ்வொரு உறுப்பாச் சொல்லி வேல் காக்கணும்னு கேட்கிறோமே. கூட நடக்கிற பிள்ளைங்க ராத்திரி தங்குற இடத்துல கவசம் முடிச்சதும் டார்ச் அடிச்சு அப்பாவோட உள்ளங்காலைப் பாருங்க. செருப்பு போட்டு நடந்தா பழனியாண்டவர் கோவிச்சுக்க மாட்டார். அதுக்கு நான் கேரண்டி.

சரி, சஷ்டிக்கு வருவோம். அம்மா விரதம் இருக்கக்கூடாதான்னு கேட்டா, 'கூடாது'ன்னு நான் சொல்லப்போறதில்ல. அந்த ஆறு நாள் அவங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். பிள்ளைக்கு வேலை கிடைக்கணும், பொண்ணுக்குக் குழந்தை பிறக்கணும்னு வருஷம் முழுக்கச் சேர்த்து வச்ச வேண்டுதல் எல்லாம் அந்த ஆறு நாள்ல இருக்கு. "சாமி கும்பிட்டது போதும், மாத்திரையைப் போடு"ன்னு கத்தினீங்கன்னா அவங்க உங்களுக்குத் தெரியாம விரதம் இருப்பாங்க. அது இன்னும் ஆபத்து.

விஷயம் என்னன்னா, விரத நாள்ல மாத்திரையை மொத்தமா நிறுத்துறதும் தப்பு, வழக்கம் போலவே போடுறதும் தப்பாகலாம். எல்லாச் சுகர் மாத்திரையும் ஒரே வேலை செய்யுறதில்ல. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் உடம்புக்குள்ள இன்சுலினைக் கூடுதலாச் சுரக்க வைக்கும். பொதுவா காலையில சாப்பாட்டுக்கு முன்னாடியோ சாப்பாட்டோடயோ கொடுக்கிற வகை. அதைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா, சுகர் தரை தட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல். பக்திப் பரவசம்னு நினைச்சுடாதீங்க! மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்த அபாயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சர்க்கரையைச் சிறுநீர்ல வெளியேத்துற மாத்திரை போடுறவங்க தண்ணியும் சாப்பாடும் இல்லாம இருந்தா வேற மாதிரிச் சிக்கல் வரும், ரத்தத்துல அமிலம் கூடும். அதனால எதைக் குறைக்கிறது, எதை நேரம் மாத்துறது, எதை நிறுத்தி வைக்கிறது என்பது ஒவ்வொருத்தருக்கும் வேற வேற. டாக்டர் மட்டும்தான் சொல்ல முடியும்.

நம்ம இஸ்லாமிய சகோதரர்கள் இதுல நமக்கு முன்னாடி போயிட்டாங்க. ரம்ஜான் நோன்பு இருக்கிற சர்க்கரை நோயாளிகளுக்குன்னே சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்போட வழிகாட்டி இருக்கு. நோன்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னாடியே டாக்டரைப் பார்க்கச் சொல்லுது. சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல ஏறினாலோ நோன்பை முறிச்சுடணும்னு சொல்லுது. நோயாளிக்கு நோன்புல விலக்கு உண்டுன்னு அவங்க வேதத்துலயே இருக்கு. சஷ்டிக்கும் இதே ஒழுங்கை நாம வச்சுக்கிட்டா என்ன? ஆடி மாசமே தெரியும், ஐப்பசியில சஷ்டி வரும்னு. புரட்டாசி பிறக்கும்போதே அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், "ஆறு நாள் விரதம் இருக்கணும்னு ஆசைப்படுறாங்க, என்ன பண்ணலாம்?"னு நேராக் கேளுங்க. பக்தியைக் கேலி பண்ணாத டாக்டர்கள் நிறைய பேர் இருக்காங்க. கேட்கிறதுக்குத்தான் ஆள் இல்ல.

இன்சுலின் போடுறவங்க, சிறுநீரகமோ இதயமோ பாதிச்சவங்க, கர்ப்பிணிகள், அடிக்கடி சுகர் இறங்குறவங்க பட்டினி விரதம் பக்கமே போகாம இருக்கிறது நல்லது. அவங்களுக்கு முருகன்கிட்ட போக வேற வழியே இல்லையா? ஒரு நாள்ல 36 தடவை கவசம் ஓதுறவங்க இருக்காங்க. மௌன விரதம் இருக்கு. தனக்குப் பிடிச்ச காபியையும் சீரியலையும் ஆறு நாள் விடுறது இருக்கு. தான் சாப்பிடாம மிச்சம் பிடிக்கிற அரிசியில ஒருத்தருக்கு அன்னதானம் போடுறது இருக்கு. "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும்"னு சொல்றோம். இருக்கணுமே, ஆளு முழுசா இருக்கணுமே!

விரத நாள்ல வீட்டுல சுகர் மீட்டர் இருக்கட்டும். விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா விரதம் கெடாது. 70-க்குக் கீழே போச்சா, யோசிக்காம மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, இன்னும் ஏறலன்னா மறுபடி கொடுங்க. ஏறினதும் ஏதாவது சாப்பிட வையுங்க. நினைவு தப்பியிருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க. "விரதம் பாதியில நின்னுடுச்சே"ன்னு அம்மா அழுவாங்க. அப்போ பக்கத்துல உக்காந்து, அந்தச் சர்க்கரைத் தண்ணியையே பிரசாதம்னு சொல்லிக் கொடுங்க.

இனி உங்க வேலை. வீட்டுப் பெரியவங்ககிட்ட மாத்திரையை எண்ணி எண்ணிப் போலீஸ் வேலை பார்க்காதீங்க. ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இந்த மாத்திரையைப் பத்தி உங்களுக்கு என்ன பயம்பா?" பதில் வர நேரமாகும். வந்தா நடுவுல குறுக்கிடாதீங்க. கிட்னியா, பழக்கமாயிடுமேங்கிறதா, ஊசிக்கு இழுத்துட்டுப் போயிடுமேங்கிறதா, இல்ல காசா. காசுன்னா அதை அவங்க வாயாலச் சொல்லவே மாட்டாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு அட்டையை நீட்டிப்பாங்க. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இலவசம். அதுக்கும் ஒரு நம்பிக்கை தடையா நிக்கும், "கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கம்மி"ன்னு. அட்டைக்குப் பின்னாடி இருக்கிற மருந்துப் பேரையும் மில்லிகிராமையும் கடை மாத்திரையோட பக்கத்துல வச்சுக் காட்டுங்க. பேர் ஒண்ணு, அளவு ஒண்ணு.

கடைசியா உங்களைப் பத்தியும் பேசியாகணும், தம்பி தங்கைகளே. இப்பல்லாம் 26, 28 வயசுலயே சுகர் வருது. கம்பெனி ஹெல்த் செக்கப்ல தெரிய வந்து, ரிப்போர்ட்டை மெயில்லயே புதைச்சுட்டு இருக்கிறவங்க இதைப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். "இந்த வயசுல மாத்திரையா? கல்யாணம் எப்படி நடக்கும்? முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்." மாத்திரையை ஆபீஸ் பேக்ல ஒளிச்சு வச்சு, வீட்டுல லீவு நாள்ல போடாம விடுற பொண்ணுங்க இருக்காங்க. உங்க தராசுல பயத்தட்டுல இருக்கிறது கிட்னி இல்ல, ஊர் வாய். அம்மாவோட நம்பிக்கையைத் திருத்தப் போறதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட்டைத் திறந்து ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நீங்க முன்னாடி பார்த்த அந்த முதல் வருஷங்கள் உங்களுக்கு இப்ப ஓடிக்கிட்டு இருக்கு.

அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்ப, வீட்டுல இருக்கிற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. பாதி தீர்ந்த அட்டை, அலமாரிக்குள்ள ஒளிஞ்ச அட்டை, லேபிள் இல்லாத அந்தப் பொடிப் பொட்டலம், எல்லாம். டாக்டர் மேஜையில கொட்டி, எது போடுறாங்க, எது போடல, ஏன் போடலன்னு அம்மாவையே சொல்ல விடுங்க. விரத நாளுக்கான மாத்திரை நேரத்தை ஒரு தாள்ல எழுதி வாங்கி, சஷ்டி காலண்டர் பக்கத்துலயே ஒட்டுங்க. டப்பா இந்தத் தடவை அலமாரிக்குள்ள போக வேண்டாம். விபூதித் தட்டுக்குப் பக்கத்துல இருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!